டெப்போவுக்குப் புதிதாக வரும் ஓட்டுநரை, நடத்துநரை வரவேற்பது எப்படி: முதல் 30 நாளுக்கான முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டு அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் இப்போது ஆள் எடுப்பது பெரும்பாலும் ‘ஓட்டுநருடன் நடத்துநர்’ என்ற ஒரே பணியிடத்துக்கு. 2025 மார்ச்சில் வந்த அறிவிப்பு மட்டும் 3,274 இடங்களுக்கு. பணி ஆணையோடு டெப்போ வாசலில் வந்து நிற்பவர் இன்று ஸ்டியரிங் பிடிப்பார், நாளை பை மாட்டுவார். இரண்டு வேலையையும் ஒரே மாதத்தில் பழக்கியாக வேண்டும்.

கிளை மேலாளர், டைம் கீப்பர் (பேருந்துகளின் நேரத்தைப் பதிபவர்), கூட அனுப்பப்படும் மூத்த ஊழியர் ஆகியோரை மனத்தில் வைத்து இது எழுதப்பட்டிருக்கிறது. பணியில் சேர்பவரும் படிக்கலாம். தனக்கு எதைச் சொல்லித்தராமல் விட்டார்கள் என்பது தெரிந்துவிடும்.

புதியவர் தடுமாறும் இடங்களை எண்ணிப் பார்த்தால், பாதிக்கு மேல் வரிசை மாறியதால் வந்தவை. தடம் தெரியாதவர் கையில் டிக்கெட் மெஷினைக் கொடுக்கிறோம். மெஷின் பழகாதவரைக் காலைக் கூட்டத்தில் ஏற்றுகிறோம். ‘ஸ்பேர்’ என்று உட்காரவைத்து, யார் வரவில்லையோ அவருடைய தடத்துக்கு நாளொன்றாக அனுப்புகிறோம். இந்தக் கடைசிப் பழக்கம்தான் எல்லாவற்றிலும் மோசம். முதல் மாதம் முழுக்க ஒரே தடம், முடிந்தவரை ஒரே நேரம், ஒரே துணை என்று வைத்தால் மற்ற பாதிச் சிக்கல்கள் தாமாகக் குறையும்.

30 நாளில் வார ஓய்வு 4 போக, வேலை நாள் 26. அதைப் பிரிக்கும் விதம்: டெப்போ 1 நாள், பயணியாகத் தடம் 2 நாள், வண்டி 2 நாள், மெஷின் 3 நாள், துணையோடு நடத்துநர் வேலை 7 நாள், துணையோடு ஓட்டுநர் வேலை 7 நாள், தனியாக 4 நாள். கழகம் கொடுக்கும் முறையான பயிற்சி இதற்குள் வந்தால் அந்த நாட்களைக் கழித்துக்கொள்ளுங்கள். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

1. அவர் வருவதற்கு ஒரு வாரம் முன்பு

சேரும் நாளன்று தேடி எடுக்கக் கூடாதவை சில உண்டு. பணியாளர் எண், சீருடை அல்லது அதற்கான துணி, பெயர்ப்பட்டை, அலமாரிச் சாவி, தடத்தின் ஸ்டேஜ் (கட்டணம் மாறும் நிறுத்தம்) பட்டியல், கட்டண அட்டவணை, நடப்பில் உள்ள சுற்றறிக்கைகளின் நகல். முதல் நாளே “நாளைக்கு வாங்க, இன்னும் வரல” என்று நான்கு மேசையில் கேட்டவர், ஐந்தாவது மேசைக்குப் போகவே தயங்குவார். பின்னாளில் பிரேக் சரியில்லை என்று சொல்லவும் அதே தயக்கம் இருக்கும்.

அவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டிய பட்டியல் தனி. அசல் சான்றிதழ்கள், கனரக ஓட்டுநர் உரிமம், பொதுப் பணி பேட்ஜ் (பயணிகள் வண்டி ஓட்டத் தரும் அடையாளம்), நடத்துநர் உரிமம், முதலுதவிச் சான்று, மருத்துவத் தகுதிச் சான்று, ஆதார், பான், வங்கிக் கணக்குப் புத்தகம், புகைப்படங்கள், நியமனதாரராக (நாமினி) போடப்போகிறவரின் விவரம். எல்லாவற்றிலும் இரண்டு நகல். தொலைபேசியில் சொன்னால் ஒன்று விட்டுப்போகும். வாட்ஸப்பில் எழுதி அனுப்புங்கள்.

டூட்டி சார்ட் போடுபவரோடு பேசி, 26 நாளுக்குமான இடத்தை இப்போதே குறித்துவிடுங்கள். வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மூன்றாம் நாளே ஆள் பற்றாக்குறை வரும், அவர் ஸ்பேரில் போய்விடுவார்.

2. முதல் நாள் காலை: காகிதம்

உரிமத்தைக் கையில் வாங்கிப் பார்த்தால் போதாது. சாரதி இணையதளத்தில் எண்ணைப் போட்டு, எந்த வகை வண்டிக்கு, எந்தத் தேதி வரை என்று பாருங்கள். போக்குவரத்து வாகன உரிமம் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. கார், பைக்குக்கான தேதி ஒன்றும் இதற்கான தேதி வேறொன்றுமாக ஒரே அட்டையில் இருக்கும். இரண்டில் பிந்திய தேதியைப் பார்த்து ஏமாறுவது அடிக்கடி நடக்கிறது. காலாவதியான உரிமத்தோடு விபத்தில் சிக்கினால் இழப்பீட்டு வழக்கில் தலை தப்பாது. காலாவதிக்கு ஓராண்டு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால், நாலைந்து மாதம்தான் பாக்கி என்றால் அன்றே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

நியமனதாரர் படிவத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பாதீர்கள். உங்கள் எதிரிலேயே நிரப்பி வாங்குங்கள். வீட்டுக்குப் போன படிவம் திரும்பி வருவது அரிது. ஊழியர் திடீரென்று இறந்துபோனால் குடும்பம் அலைவது அந்த ஒரு தாளுக்காகத்தான்.

நிலையாணைகளை (கழகத்தின் பணி ஒழுங்கு விதிகள்) மொத்தமாகக் கையில் திணித்துக் கையெழுத்து வாங்குவது வழக்கம். யாரும் படிப்பதில்லை. அதற்குப் பதில் நான்கு விஷயங்களை மட்டும் வாயால் சொல்லுங்கள்: சொல்லாமல் வராமல் இருந்தால் என்ன நடக்கும், குடித்துவிட்டு வந்தால் என்ன நடக்கும், பணத்தில் வித்தியாசம் வந்தால் என்ன நடக்கும், மெமோ (விளக்கம் கேட்கும் கடிதம்) வந்தால் எத்தனை நாளில் பதில் தர வேண்டும். கடைசியைச் சொல்லாமல் விட்டு, பயந்துபோய் பதிலே எழுதாமல் இருந்து, சின்னக் குற்றம் பெரிதாகிப்போனவர்கள் எல்லா டெப்போவிலும் இருக்கிறார்கள்.

சங்கக்காரர்கள் உறுப்பினர் படிவத்தோடு வருவார்கள். வரட்டும். எதில் சேர்வது, சேராமல் இருப்பது அவர் விருப்பம். முதல் நாளே கையெழுத்துப் போடத் தேவையில்லை என்பதை மட்டும் தெரியப்படுத்துங்கள்.

3. முதல் நாள் மதியம்: டெப்போவைச் சுற்றிக் காட்டுவது

அறிமுகம் என்று கிளை மேலாளர் அறையில் தொடங்கி ஒவ்வொரு அதிகாரியாகக் கும்பிடவைத்து அழைத்துப் போவார்கள். ஒரு டூட்டி எப்படி நகருமோ அந்த வரிசையில் காட்டுங்கள். வருகைப் பதிவு, மூச்சுப் பரிசோதனை, டூட்டி பார்க்கும் இடம், மெஷினும் வேபில்லும் (நடத்துநரின் டூட்டிக் கணக்குத் தாள்) வாங்கும் ஜன்னல், வண்டி நிற்கும் இடம், வெளியேறும் வாசல். பிறகு திரும்பும் வழி: உள்ளே வரும் வாசல், டீசல் பங்க், கழுவும் மேடை, குறைப் பதிவேடு இருக்கும் மேசை, கேஷ் கவுன்ட்டர், மெஷின் ஒப்படைக்கும் இடம். மறுநாள் விடிகாலை 4 மணிக்கு அரைத் தூக்கத்தில் வருபவருக்குக் கால் போகும் வழிதான் ஞாபகம் இருக்கும்.

பங்க் அருகிலும், வண்டிக்கு அடியில் வேலை பார்க்கும் பள்ளமான பிட் அருகிலும் நின்று நிதானமாகச் சொல்லுங்கள். பின்னால் நின்று வழி சொல்ல ஆள் இல்லாமல் ரிவர்ஸ் எடுக்கக் கூடாது. பிட் மேல் நிற்கும் வண்டியில், கீழே ஆள் இருக்கிறாரா என்று குனிந்து பார்க்காமல் ஸ்டார்ட் செய்யக் கூடாது. டெப்போவுக்குள் நடக்கும் விபத்துகள் வேகத்தால் வருவதில்லை, யாரும் இல்லை என்ற நினைப்பால் வருபவை.

ஓய்வறை, கழிப்பறை, குடிநீர், உணவகம் எங்கே என்பதைக் கடைசியில் காட்டுங்கள். வருபவர் பெண் என்றால் டெப்போவில் மட்டும் பார்த்தால் போதாது. தடத்தின் மறுமுனையில் கழிப்பறை இருக்கிறதா, பூட்டிக் கிடக்கிறதா, சாவி யாரிடம் என்று முன்பே கேட்டுவையுங்கள். தண்ணீர் குடிக்காமலே டூட்டி பார்த்துச் சிறுநீரகக் கோளாறு வாங்கிக்கொள்வது இந்த ஒரு ஏற்பாட்டுக் குறைவால்தான்.

4. யாரோடு அனுப்புவது

நல்ல ஓட்டுநர் எல்லாம் நல்ல ஆசான் இல்லை. கலெக்‌ஷனில் முதலிடம், மைலேஜில் முதலிடம் என்பவரைத் தேர்ந்தெடுக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அவர் குறுக்கு வழிகளில் தேறியவராகக்கூட இருக்கலாம். பார்க்க வேண்டியவை மூன்று: பல ஆண்டு விபத்து இல்லாத பதிவு, அந்தத் தடத்தில் குறைந்தது ஓராண்டு, கேள்வி கேட்டால் எரிந்து விழாத குணம்.

ஓட்டுவதற்கு ஒருவர், நடத்துவதற்கு ஒருவர் என இரண்டு பேரைப் போடுங்கள். தினம் தினம் ஆள் மாறினால் ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுப்பார், புதியவர் நடுவில் நிற்பார். “அதெல்லாம் பயிற்சியில சொல்றது தம்பி, இங்க வேற” என்று தொடங்குபவரிடம் மட்டும் ஒப்படைக்காதீர்கள்.

5. இரண்டு நாள் பயணியாக

சீருடை இல்லாமல், தடத்தின் முதல் நடை (ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓர் ஓட்டம்) முதல் கடைசி நடை வரை பயணியாக உட்காரச் சொல்லுங்கள். முதல் நாள் முன்பக்கம், இரண்டாம் நாள் பின்படிக்கட்டுக்கு அருகில். கையில் ஒரு நோட்டு.

முன்னால் உட்காரும் நாளில் குறிக்க வேண்டியவை: ஒவ்வொரு நிறுத்தத்தின் பெயர், வேகத்தடை, பள்ளி, குறுகிய பாலம், தாழ்ந்த மரக்கிளை, மாடு நிற்கும் இடம், சந்தை கூடும் கிழமை. பின்னால் உட்காரும் நாளில்: எந்த நிறுத்தத்தில் யார் ஏறுகிறார்கள், எங்கே கூட்டம் இறங்குகிறது, எந்த இரண்டு ஸ்டேஜுக்கு நடுவில் தூரம் குறைவு. இந்தக் கடைசி விவரம் நடத்துநருக்கு உயிர்நாடி. இரண்டே நிமிடத்தில் அடுத்த ஸ்டேஜ் வரும் இடத்தில்தான் டிக்கெட் விடுபடும்.

ஊர்ப் பெயரை மக்கள் சொல்லும் விதமும் பட்டியலில் இருப்பதும் ஒன்றாக இருக்காது. பட்டியலில் ஒரு நகர், மக்கள் வாயில் ‘புளியமரம்’, ‘பழைய தியேட்டர்’. அந்தப் பேச்சுப் பெயரைப் பட்டியலுக்கு எதிரே எழுதச் சொல்லுங்கள்.

6. வண்டி: இரண்டு நாள், டெப்போவுக்குள்ளேயே

கனரக உரிமம் இருக்கிறது, லாரி ஓட்டிய அனுபவம் இருக்கிறது என்பதற்காக இந்தப் படியைத் தாண்டாதீர்கள். பேருந்தில் முன்சக்கரம் ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கிறது. பின்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் வாலும் நீளம். லாரிக் கை இங்கே திருப்பத்தில் ஏமாறும்.

முதலில் வண்டியைச் சுற்றிப் பார்க்கும் பழக்கம். இடது முன் மூலையில் தொடங்கி ஒரே திசையில் ஒரு சுற்று. கீழே எண்ணெய், தண்ணீர் கசிவு, டயர், சக்கர நட்டு, பின்பக்க இரட்டைச் சக்கரத்துக்கு நடுவில் சிக்கிய கல், விளக்கு, கண்ணாடி, அவசர வழி. ஒரே திசை என்று வற்புறுத்தக் காரணம், நடுவில் யாராவது கூப்பிட்டாலும் எங்கே விட்டோம் என்பது தெரியும். பிறகு எஞ்சின் ஆயில், கூலன்ட், பெல்ட். தீயணைப்பானின் முள் பச்சையில் இருக்கிறதா, முதலுதவிப் பெட்டிக்குள் ஏதாவது இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். பூட்டிய காலிப் பெட்டி உதவாது.

நடத்துநராகப் போகும் நாளிலும் அவருக்கு ஒரு சுற்று உண்டு, உள்ளே. ஆடும் கைப்பிடி, கழன்ற இருக்கை, தரைப் பலகை, படிக்கட்டு, கதவு, ஊர்ப் பலகை. தரைப் பலகையை மிதித்துப் பாருங்கள், கண்ணால் பார்த்தால் தெரியாது.

ஏர் பிரேக் பழகாதவர் செய்யும் தவறு, பிரஷர் ஏறுமுன் நகர்த்துவது. எச்சரிக்கை ஒலி நின்று, முள் முழு அளவுக்கு வந்து, ஒருமுறை மிதித்துப் பார்த்து, முள் இறங்கி மறுபடி ஏறுவதைக் கண்ட பிறகே கியர். இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டி டீசல் மிச்சம் பிடிப்பது இன்னொரு கெட்ட பழக்கம். எஞ்சின் பிடிமானம் போய்விடும். பிரேக்கை மீண்டும் மீண்டும் மிதிக்க, டிரம் சூடாகிப் பிடிப்புக் குறையும், டேங்கில் காற்றும் இறங்கும். மைலேஜ் பட்டியலை முதல் மாதத்தில் அவருக்குக் காட்டவே காட்டாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

புதிய புகை விதிப்படி வந்த பி.எஸ்.6 வண்டியில் நீல மூடி போட்ட சிறு டேங்க் ஒன்று இருக்கும். யூரியாக் கரைசல் ஊற்றுவது அதில். அளவு குறைந்தால் விளக்கு எரியும், அதையும் பொருட்படுத்தாவிட்டால் வண்டியின் இழுவை குறையும். எஞ்சினில் கோளாறு என்று நினைத்து நடுவழியில் நிறுத்திவிடுவார்கள். அதில் டீசலோ தண்ணீரோ ஊற்றிவிட்டால் செலவு பெரிது. மூடியைத் திறந்து காட்டி, வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்கவையுங்கள்.

வால் வீச்சைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. துணை ஓட்டுநர் வண்டியை முழு ஒடிப்பில் திருப்பட்டும். புதியவர் பின் மூலைக்குப் பக்கத்தில், பாதுகாப்பான இடைவெளியில் நின்று, அது எவ்வளவு தூரம் வெளியே வீசுகிறது என்று பார்க்கட்டும். தரையில் சாக்கட்டியால் கோடு போட்டால் இன்னும் தெளிவு. அடுத்து அவர் இருக்கையில் உட்கார, ஒருவர் வண்டியைச் சுற்றி நடக்கட்டும். கண்ணாடியில் எங்கே மறைகிறார், எங்கே மறுபடி தெரிகிறார் என்று அவரே சொல்லட்டும். இடது முன்சக்கரத்தின் பக்கத்தில் ஒரு ஆள் முழுதாகக் காணாமல் போவார். இருசக்கர வாகனக்காரர்கள் அடிபடுவது அங்கேதான்.

பழைய டயர் ஆறு வைத்து ஒரு தெருமுனை, ஒரு நிறுத்தம் அமைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தத்தில் ஓரத்திலிருந்து ஒரு அடிக்குள் நிற்க வேண்டும். அதைவிடத் தள்ளி நின்றால் வயதானவர் ரோட்டில் இறங்கி, பிறகு படியேற வேண்டும். படிக்கும் ரோட்டுக்கும் நடுவில் புகுந்து வரும் பைக்குக்கும் அதுவே வழி.

குறையைக் கண்டால் குறைப் பதிவேட்டில் எழுதவேண்டும். மெக்கானிக் அண்ணனிடம் வாயால் சொன்னது கணக்கில் வராது. மறுநாள் அதே வண்டியை எடுக்கும் இன்னொருவருக்குத் தெரியவும் தெரியாது.

7. மெஷின், வேபில், பை

புதியவருக்குத் தூக்கம் கெடுவது இதில்தான். மூன்று நாள் மேசையில் வைத்துப் பழக்குங்கள், ஓடும் வண்டியில் வேண்டாம்.

முதல் நாள் மெஷின் மட்டும். டூட்டி திறப்பது, தடம் தேர்ந்தெடுப்பது, நடை திறப்பது, ஸ்டேஜ் மாற்றுவது, டிக்கெட், அரை டிக்கெட், லக்கேஜ், பாஸ், நடை முடிப்பது. பேப்பர் ரோல் மாற்றுவதைக் கண்ணை மூடிக்கொண்டும் செய்யும் அளவுக்குப் பழக வேண்டும். இரவில், குலுங்கும் வண்டியில் அது அப்படித்தான் நடக்கும். ரோல் தலைகீழாகப் போட்டால் வெற்றுத் தாள் வரும், மெஷின் கெட்டுவிட்டது என்று பதறுவார்கள். அதையும் ஒருமுறை வேண்டுமென்றே செய்து காட்டுங்கள்.

இரண்டாம் நாள் யாருக்கு என்ன டிக்கெட். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021 மே முதல் மகளிருக்குக் கட்டணம் இல்லை. ஆனால் டிக்கெட் உண்டு. காசு கை மாறாததால், கூட்டத்தில் இந்தப் பூஜ்யக் கட்டண டிக்கெட்டை விட்டுவிடுவதுதான் புதியவர் முதலில் செய்யும் தவறு. அந்தப் பயணங்களுக்கு அரசு கழகத்துக்குப் பணம் தருகிறது. டிக்கெட் இல்லாத பயணம் கணக்கில் ஏறாது. செக்கிங் ஏறினாலும் அது டிக்கெட் கொடுக்காத குற்றமே. எதிர்த் தவறும் உண்டு: ஆளே இல்லாமல் எண்ணிக்கைக்காக அடிப்பது. அது இன்னும் பெரிய குற்றம். திருநங்கையர், மாற்றுத்திறனாளி, அவருக்குத் துணையாக வருபவர் ஆகியோருக்கு மெஷினில் தனித்தனிப் பொத்தான். எல்லாரையும் ஒன்றில் போடக் கூடாது. குழந்தைக்கு 5 வயது வரை இலவசம், அதற்கு மேல் 12 வரை அரை டிக்கெட். வயதுச் சண்டையில் இழுபடாமல், ஒருமுறை கேட்டு, சொன்னதை ஏற்றுக்கொண்டு நகர்வது நல்லது. அரை டிக்கெட்டுக்காக நின்று வாதாடும் நேரத்தில் பின்னால் நாலு முழு டிக்கெட் இறங்கிப் போய்விடும்.

மூன்றாம் நாள் பணம். பையில் எடுத்துப் போகும் சொந்தப் பணத்தைத் தொடங்குமுன் வேபில்லில் எழுத வேண்டும். எழுதாத 50 ரூபாய், செக்கிங்கில் ‘கூடுதல் பணம்’ ஆகும். குறைவாக இருந்தால்தான் தப்பு என்று புதியவர் நினைப்பார். கூடுதலாக இருந்தால் டிக்கெட் கொடுக்காமல் காசு வாங்கியதாகப் பொருள். அதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

டிக்கெட்டுக்குப் பின்னால் பாக்கிச் சில்லறையை எழுதிக் கொடுப்பது பழைய வழக்கம். சண்டை பிறப்பது அதில்தான். தொடங்கும்போதே சில்லறை போதுமான அளவு எடுத்துக்கொண்டால் எழுதும் தேவை குறையும். எழுதினால், அவர் கேட்குமுன் நீங்களே கூப்பிட்டுக் கொடுங்கள். 10 ரூபாய் நாணயத்தை வாங்க மறுக்கக் கூடாது. 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-லேயே சொல்லிவிட்டது. கடைக்காரர் வாங்க மாட்டார் என்பது நடத்துநர் கவலை இல்லை, கேஷ் கவுன்ட்டரில் வாங்குவார்கள்.

டிக்கெட் போடும் வரிசை முக்கியம். முன்னால் இருந்து பின்னாலோ, பின்னால் இருந்து முன்னாலோ, ஏதோ ஒரு திசை. கூப்பிட்ட பக்கமெல்லாம் போனால் நடுவில் நிற்பவர் விடுபடுவார். ஊர், ஆள் எண்ணிக்கை, காசு, டிக்கெட், மீதி என்ற வரிசையில் கை பழகட்டும். மீதி கொடுத்து முடிக்கும்வரை அவர் கொடுத்த நோட்டைப் பைக்குள் போடாமல் விரலிடுக்கில் வைத்திருந்தால், “நான் கொடுத்தது ஐந்நூறு” என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

டூட்டி முடிந்ததும்: நடையை முடித்து, கணக்குத் தாள் எடுத்து, நோட்டுகளை வகை பிரித்து, கட்டி, ரசீது வாங்கி, மெஷினைச் சார்ஜில் போடும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும். ரசீது இல்லாமல் வீட்டுக்குப் போகக் கூடாது. பணம் குறைந்தால் உடனே சொல்லிக் கட்டிவிட்டு ரசீதில் அதைக் காட்டச் சொல்லுங்கள். “நாளைக்குச் சரி பண்ணிக்கலாம்” என்று யாரிடமோ கைமாற்று வாங்கி மறைப்பது, வேலையைக் காவு வாங்கும் பாதையின் முதல் படி.

8. விசில்

ஒரு விசில் நில், இரண்டு விசில் போ. இதைத் தாண்டி ஆபத்துக்கு என்ன என்பதை டூட்டி தொடங்குமுன் இருவரும் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். “ரைட்”, “ஹோல்டான்” என்று வாயால் கத்துவது பின்பக்கத்திலிருந்து கூட்டத்தில் கேட்காது. படிக்கட்டைக் கண்ணால் பார்க்காமல் இரண்டு விசில் கொடுக்கக் கூடாது. கதவு உள்ள வண்டியில், கதவு மூடாமல் ஓட்டுநரும் நகர்த்தக் கூடாது. விழுந்து அடிபடுவது பெரும்பாலும் கடைசியாக ஏறியவரும், கடைசியாக இறங்கியவரும்.

9. துணையோடு 14 நாள்

முதல் 7 நாள் பை. முதல் இரண்டு நாள் துணை நடத்துநர் போடுவார், புதியவர் ஸ்டேஜ் மாற்றுவதை மட்டும் கவனிப்பார். அடுத்த மூன்று நாள் கூட்டமில்லாத நடைகளைப் புதியவர் பார்ப்பார். கடைசி இரண்டு நாள் முழு டூட்டியும் அவர். துணை பின்னால் நின்று பார்ப்பதோடு சரி, கையிலிருந்து மெஷினைப் பிடுங்கக் கூடாது.

அடுத்த 7 நாள் ஸ்டியரிங். முதல் நாள் மதிய நடைகள் மட்டும். பகல் பழகிய பின் மாலை, அதன் பின் இருட்டு. மழை பெய்தால் அன்றைக்கே ஒரு நடையாவது ஓட்டவையுங்கள், துணை பக்கத்தில் இருக்கும்போதே.

நடத்துநர் வேலையை முன்னால் வைப்பதற்குக் காரணம் உண்டு. பின்னால் நின்று ஒரு வாரம் தள்ளாடியவர், ஓட்டும்போது சட்டென்று பிரேக் போட மாட்டார்.

நேரம் தவறினால் என்ன செய்வது என்பதையும் இந்த நாட்களில் சொல்லிவிடுங்கள். தாமதத்தை நிறுத்தங்களைத் தாண்டிப் பிடிக்கக் கூடாது. டைம் கீப்பரிடம் காரணத்தோடு பதிய வேண்டும். அந்தப் பதிவு இருந்தால் புகார் வரும்போது துணை நிற்கும்.

மலைத்தடம் இந்த மாதத்தில் வேண்டாம். வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுக்கும் கொல்லிமலையின் 70 வளைவுக்கும் தனிப் பயிற்சி வேண்டும். இரவில் கிராமத்தில் தங்கும் தங்கல் வண்டியும் வேண்டாம். மூத்தவர்கள் தவிர்ப்பதால் அது புதியவர் தலையில் விழுகிறது. கலெக்‌ஷன் பணத்தைத் தலைக்கு வைத்துக்கொண்டு, கொசுக்கடியில் பேருந்திலேயே படுத்து, மறுநாள் முதல் நடைக்கு எழ வேண்டும். சரியாகத் தூங்காத புதியவரிடம் வண்டியைக் கொடுப்பது யாருக்கும் நல்லதில்லை.

ஓய்வுக் கணக்கையும் அவருக்குத் தெரியப்படுத்துங்கள். நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி, தொடர்ந்து 5 மணி நேர வேலைக்குப் பின் குறைந்தது அரை மணி ஓய்வு என்பது 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வகுத்த அளவு. டபுள் டூட்டி பார்க்கச் சொன்னால் முதல் மாதத்தில் மறுக்கலாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அவராகக் கேட்க மாட்டார்.

10. படிக்கட்டில் தொங்கும் மாணவர்கள்

பயணியோடு பேசுவது பற்றி நீளமாகப் பாடம் எடுக்கலாம். நடைமுறையில் சிக்கல் வருவது ஒரே இடத்தில், படிக்கட்டில். வண்டியை நிறுத்திவிட்டுக் கத்தினால் பத்துப் பேர் சேர்ந்து சிரிப்பார்கள், யாரோ வீடியோ எடுப்பார்கள். உள்ளே இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் உள்ளே நிற்பவர்களை நகர்த்துங்கள், படிக்கட்டு தானே காலியாகும். இல்லாவிட்டால் நிறுத்தத்திலேயே நின்று, அடுத்த வண்டி எப்போது என்று சொல்லுங்கள். கை வைக்கக் கூடாது, எந்தக் காரணத்துக்கும். தினமும் நடந்தால் டெப்போவில் எழுதிக் கொடுங்கள். பள்ளிக்குத் தெரியப்படுத்துவதும் கூடுதல் நடை கேட்பதும் கிளை மேலாளர் வேலை.

பெரியவர்களை ‘ஐயா, அம்மா’, சிறியவர்களை ‘தம்பி, பாப்பா’. “ஏய், உள்ள போ” என்பதற்கும் “உள்ள போங்க” என்பதற்கும் இரண்டு எழுத்துதான் வித்தியாசம். புகார் பாதி குறையும்.

11. விபத்தும் பழுதும்: ஒத்திகை பார்த்தே ஆக வேண்டும்

சொன்னால் மறந்துவிடும். டெப்போவுக்குள் ஒருமுறை நடித்துப் பார்க்கவையுங்கள்.

வண்டியை நிறுத்து, ஹசார்டு விளக்குப் போடு, அடிபட்டவரைப் பார், 108-க்கு அழை, டெப்போவுக்கு அழை. ஓட்டுநரின் கடமையை மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு சொல்கிறது: காயமடைந்தவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டும், காவல் நிலையத்தில் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கூட்டத்தின் ஆவேசத்தால் அங்கே நிற்க முடியாவிட்டால் அதற்கு அந்தப் பிரிவிலேயே விலக்கு இருக்கிறது. அப்படி நேர்ந்தால் நேராக அருகிலுள்ள காவல் நிலையத்துக்குப் போக வேண்டும். வீட்டுக்கோ உறவினர் வீட்டுக்கோ போனால் ஓடி ஒளிந்ததாகும். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் வழக்கைக் கெடுத்துக்கொண்டவர்கள் நிறைய.

நடத்துநரின் வேலை: பயணிகளை இறக்குவது, படம் எடுப்பது, பார்த்த இரண்டு மூன்று பேரின் பெயரும் எண்ணும் வாங்குவது, வேபில்லில் நேரமும் இடமும் குறிப்பது. அங்கேயே பணம் பேசி முடிக்கக் கூடாது. எழுதாத தாளில் கையெழுத்துப் போடக் கூடாது.

பழுது என்றால் இறங்கிய பயணிகளை அடுத்த வண்டியில் அதே டிக்கெட்டுக்கு ஏற்றிவிட வேண்டும். எத்தனை பேர், எந்த ஸ்டேஜ் என்று எழுதிக் கொடுக்காமல் அனுப்பினால் அடுத்த நடத்துநர் ஏற்ற மாட்டார், பயணி நடுரோட்டில் நிற்பார்.

12. தனியாக முதல் 4 நாள்

அதே தடம், அதே நேரம், பழகிய வண்டி. ஓட்டும் நாளில் அனுபவமுள்ள நடத்துநர், நடத்தும் நாளில் அனுபவமுள்ள ஓட்டுநர். இரண்டு புதியவர்களை ஒரே வண்டியில் போடுவது நேரம் மிச்சம் என்று தோன்றும், செய்யாதீர்கள். அமாவாசை, சந்தை நாள், பண்டிகைக்கு முந்தைய நாள் ஆகியவற்றில் முதல் தனி டூட்டி விழாமல் பாருங்கள்.

டூட்டி முடித்து வந்ததும் டைம் கீப்பர் ஒரே கேள்வி கேட்டால் போதும்: “இன்னைக்கு எங்க சிரமமா இருந்துச்சு?” அதைக் குறித்துவையுங்கள். “எப்படி இருந்துச்சு?” என்று கேட்டால் “நல்லா இருந்துச்சு சார்” என்பதுதான் பதிலாக வரும்.

13. 30-ஆம் நாள் பேச்சு

பதினைந்து நிமிடம், கிளை மேலாளர், துணையாக இருந்த இருவர், புதியவர். நிற்கவைத்துப் பேசாதீர்கள், நாற்காலி போடுங்கள். கலெக்‌ஷனையும் மைலேஜையும் முதலில் எடுக்காதீர்கள். வண்டிச் சுற்று தினமும் நடந்ததா, குறைப் பதிவேட்டில் அவர் எழுதியது எத்தனை, அதில் சரிசெய்யப்பட்டது எத்தனை என்று பாருங்கள். எழுதியது ஒன்றுகூட இல்லை என்றால் வண்டிகள் எல்லாம் நன்றாக இருக்கின்றன என்று பொருளில்லை, எழுதப் பயப்படுகிறார் என்று பொருள். எழுதியும் சரிசெய்யவில்லை என்றால் பதில் சொல்ல வேண்டியவர் எதிரே உட்கார்ந்திருப்பவர்.

பணக் குறைவு, புகார், தாமதம் ஏதாவது இருந்தால் எந்தத் தேதி, எந்த நடை என்று எடுத்துவைத்துப் பேசுங்கள். பொதுவாகத் திட்டினால் எதைத் திருத்துவது என்று அவருக்குத் தெரியாது.

அடுத்த மாத சார்ட்டில் இரண்டாவது தடம் ஒன்றைச் சேருங்கள், ஒன்றே ஒன்று. அந்தத் தடத்துக்கும் ஒரு நாள் பயணியாகப் போய்வரச் சொல்லுங்கள். வார ஓய்வு நாளில் போகச் சொல்லாமல், டூட்டிக் கணக்கிலேயே அந்த நாளைக் கொடுங்கள்.